தவளைச் சின்னமும் மன்னார்க் காற்றாலையும்



இந்த முறை தலையங்கத்தைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் தொடங்காமல் ஒரு தேயிலைப் பெட்டியில் தொடங்குகிறோம். அதற்குக் காரணம் எருக்கலம்பிட்டி.

மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கும் அந்த ஊர் மீனவக் குடும்பங்களோடு பேசுவதற்கு நமது சங்கத்திலிருந்து சிலர் போயிருந்தோம். காற்றாலைகள் பற்றி அவர்களிடம் கேட்டு அறிவதுதான் நோக்கம். ஆனால் முதல் கேள்வியை அவர்களே கேட்டுவிட்டார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நானா வீட்டுக்குள் போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். இலண்டனிலிருந்து வந்த உறவினர் கொடுத்ததாம். நமது மலையில் பறித்த கொழுந்து, கொழும்பு போய், கடல் தாண்டிப் பெட்டிக்குள் அடைபட்டு, எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறது. பெட்டியின் மூலையில் ஒரு பச்சைத் தவளை. பக்கத்தில் இலைப் படம். சுற்றாடலுக்குத் தீங்கில்லாதது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

"மாஸ்டர், இந்தத் தவளை என்னத்துக்கு? தேயிலை நல்லது எண்டு சொல்லுதா, இல்லாட்டி உங்கட ஆக்கள நல்லா வச்சிருக்காங்க எண்டு சொல்லுதா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் நட்ட காற்றாடிகளுக்கும் இதே மாதிரி இலைப் படம்தான் போடுகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன் என்றும் சொன்னார். அந்த இடத்தில் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம். தவளை ஒட்டிய பெட்டிக்குள் போகும் கொழுந்தைப் பறிப்பவர்கள் நாம். பெட்டியை வாங்குகிறவருக்குத் தெரிந்த அளவுகூட அந்தத் தவளையைப் பற்றி நமக்குத் தெரியாது.

தவளைச் சின்னம் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பினுடையது. மழைக்காடுகள் அழிவதைத் தடுப்பதற்காக 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. தேயிலைக்குள் அது பெரிதாக வந்தது 2007 இல். லிப்டன் தேயிலையை விற்ற யூனிலீவர் கம்பனி தன் தேயிலையை இந்தச் சான்றிதழோடு வாங்கப் போவதாக அந்த ஆண்டு அறிவித்தது. கென்யாவின் கெரிச்சோ தோட்டங்கள் முதலில் சான்றிதழ் பெற்றன. பிறகு இந்தியா, இலங்கை என்று பரவியது. இன்று நமது பெருந்தோட்டக் கம்பனிகள் பலவற்றின் தொழிற்சாலை வாசலில் இந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது.

அந்தச் சான்றிதழின் விதிகளை வாசித்தால் குறை சொல்ல முடியாது. காட்டை வெட்டக்கூடாது. ஓடைக்கரையில் மருந்து அடிக்கக்கூடாது. மருந்து அடிப்பவருக்குக் கையுறை, முகமூடி, சப்பாத்து கொடுக்க வேண்டும். சட்டம் சொன்ன சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது. சங்கம் வைக்கத் தடை போடக்கூடாது. எல்லாமே நாம் ஐம்பது வருடமாகக் கேட்பவைதான். ஆகவே சான்றிதழை எதிர்ப்பது நமது வேலை அல்ல. அது எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பவர் யார், அவருக்குக் கட்டணம் கட்டுபவர் யார் என்பதே நமது கேள்வி.

பரிசோதனை நடத்துவது ஒரு தனி நிறுவனம். அதற்குக் கட்டணம் கட்டுவது பரிசோதிக்கப்படும் தோட்டம். பரிசோதகர் வருகிற நாள் தோட்டத்துக்கு முன்கூட்டியே தெரியும். நமது பகுதித் தோட்டம் ஒன்றில் ஓடிட் வருகிறது என்றால் பெரட்டுக்களத்துக்கு முதல் நாளே தெரிந்துவிடும். ஸ்டோரில் கிடந்த சப்பாத்துகள் வெளியே வரும். பிள்ளைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிபடும். மலைக்குப் போகும் பாதையில் புதிய பலகை நடப்படும்: வனவிலங்குகளைப் பாதுகாப்போம் என்று மூன்று மொழியிலும். பேட்டி கொடுக்கிற தொழிலாளியைக் கணக்குப்பிள்ளை தெரிவு செய்வார். பேட்டி நடக்கும் இடம் ஒபீஸ் வராந்தா. துரையின் கதவுக்கு நேரே நின்றுகொண்டு எந்தச் சகோதரி "எனக்குக் கையுறை தரவில்லை" என்று சொல்லுவாள்? வந்தவர் போன பிறகு சப்பாத்துகள் ஸ்டோருக்குத் திரும்பிப் போகும்.

இது நமது கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. 2015 செப்டெம்பரில் பிபிசி அசாம் தோட்டங்களுக்குப் போய் விசாரித்தது. தவளைச் சின்னம் பெற்ற தோட்டங்களிலேயே பாதுகாப்பு உடை இல்லாமல் மருந்து அடிப்பதையும், இடிந்து விழும் வீடுகளையும், மலசலகூடம் இல்லாத லயங்களையும் படம் பிடித்துக் காட்டியது. தன் பரிசோதனை முறையில் குறைகள் இருந்ததை அந்த அமைப்பே ஒத்துக்கொண்டது. 2018 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெனவீவ் லெபரன் தலைமையில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. அசாமிலும் கேரளத்திலும் 22 தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரிடம் பேசி எழுதியது. சான்றிதழ் பெற்ற தோட்டங்களுக்கும் பெறாத தோட்டங்களுக்கும் தொழிலாளர் நிலைமையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. 2023 பெப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, முதன்முதல் சான்றிதழ் பெற்ற அதே கெரிச்சோ பகுதியில், மேற்பார்வையாளர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 70க்கும் அதிகமான பெண்கள் சொன்னதை வெளியிட்டது.

இன்னொரு சங்கதி. ஒரு பெட்டியில் தவளைச் சின்னம் இருந்தால் உள்ளே இருப்பது முழுவதும் சான்றிதழ் பெற்ற தேயிலை என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். முன்பு இருந்த விதியின்படி 30 சதவீதம் இருந்தாலே சின்னத்தைப் போடலாம். சதவீதத்தைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினால் போதும். பத்துக் கிலோவில் மூன்று கிலோ கொழுந்தும் ஏழு கிலோ முற்றலும் போட்டுக் கொடுத்தால் மடுவத்தில் நம்மிடம் எடுப்பார்களா?

பெட்டிக்குள் இருக்கும் பைகளின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பளபளப்பான முக்கோணத் தேயிலைப் பைகள் சில பிளாஸ்டிக்கால் ஆனவை. கொதிநீரில் போட்டால் ஒரு பையிலிருந்து 1,160 கோடி நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகள் வெளியாவதாகக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் 2019 இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு சோளம், கரும்பிலிருந்து செய்த, மண்ணில் மக்கும் என்று சொல்லப்படும் பைகள் வந்தன. பிளிமத் பல்கலைக்கழகத்தார் அப்படிப்பட்ட பைகளை மண்ணில் புதைத்து ஏழு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வகை புதைத்தபடியே இருந்தது. அது மக்குவதற்குத் தொழிற்சாலைச் சூடு வேண்டுமாம். வீட்டுக் கொல்லையில் புதைப்பவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. நாம் சாயத்தை வடிகட்டியில் ஊற்றிக் குடிக்கிறோம். அந்த வடிகட்டித் துணி இரண்டு வருடம் உழைக்கும், கிழிந்தால் மண்ணாகும். அதற்கு ஒரு சின்னமும் கிடையாது.

எல்லாச் சின்னமும் பொய் என்று சொல்ல வரவில்லை. இலங்கைத் தேயிலைக்கு ஓசோன் படலத்துக்குத் தீங்கில்லாதது என்று ஒரு சின்னம் இருக்கிறது. தேயிலை மண்ணில் வேர்ப்புழுவைக் கொல்ல மெதைல் புரோமைட் என்ற புகைமருந்து பயன்பட்டது. அது ஓசோனை அரிக்கும். இந்த நாட்டுத் தேயிலையில் அதை நிறுத்தினார்கள். அந்தச் சின்னம் சொல்வது அந்த ஒன்றை மட்டுமே. அது உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்க்கலாம். "சுற்றாடலின் நண்பன்" என்ற சொல்லை அப்படிச் சோதிக்க முடியாது. எந்தச் சுற்றாடல், யாருடைய நண்பன் என்று அது சொல்வதே இல்லை.

சின்னத்தை விட்டு மேலிடத்துக் கட்டளைக்கு வருவோம். பச்சை என்ற பெயரில் நமது வயிற்றில் விழுந்த அடி அங்கிருந்துதான் வந்தது.

2015 இல் கிளைபொசேட் களைகொல்லியை அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தடை செய்தார். வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோய்தான் சொல்லப்பட்ட காரணம். அந்த நஞ்சைத் தோளில் சுமந்து அடித்தவர்கள் நாம். அது போவதில் நமக்குத்தான் முதல் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஆனால் களைகொல்லி போன இடத்தில் புல் வெட்ட ஆள் போடவில்லை. மலை காடாகியது. அட்டை, பாம்பு, குளவி என்று பயந்து பயந்து கொழுந்து எடுத்தோம். பல இடங்களில் வேறு களைகொல்லிகள் வந்தன. யப்பானுக்குப் போன தேயிலையில் எம்சிபிஏ என்ற மருந்தின் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாகச் சிக்கல் எழுந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. ஒரு நஞ்சு போய் இன்னொரு நஞ்சு வந்து, பழைய நஞ்சும் திரும்பி வந்த கதை இது. இடைப்பட்ட வருடங்களில் மருந்து அடிக்கிறவரின் கைக்குக் கையுறை வரவில்லை.

2021 அதைவிட மோசம். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் போராடி 1,000 ரூபா நாட்சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை மூலம் பெற்றோம். கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டின. மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. நாடு முழுவதும் சேதனப் பசளை, உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள். பசளை இல்லாத செடியில் கொழுந்து எங்கே வரும்? கிலோ கூடியது, கொழுந்து குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. ஆயிரம் ரூபா எழுத்தில் இருந்தது, கையில் ஐந்நூறுதான் வந்தது என்று அந்த நாட்களில் லயத்துக்கு லயம் கேட்டோம். மாட்டெரு சுமக்கச் சொன்ன தோட்டங்களும் உண்டு.

சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த கப்பலைக் கேடு தரும் பக்டீரியா இருக்கிறது என்று இறக்க விடவில்லை. இறக்காத பசளைக்கு 60 இலட்சம் டொலருக்கு மேல் நாடு பணம் கட்டியது. நவம்பர் தொடக்கத்தில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போன ஜனாதிபதி அங்கே சேதன விவசாயத்தைப் பெருமையாகப் பேசினார். அந்த மாதம் முடிவதற்குள் தடை கைவிடப்பட்டது. 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்து அடித்தது உண்மை. ஆனாலும் முதல் அடி பசளை.

சேதனப் பசளை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. செய்கிறவரைக் கேட்டு, மண்ணைத் தயார் செய்து, வருடங்கள் எடுத்துச் செய்தால் அது நல்லது. சில தோட்டங்கள் அப்படிச் செய்தும் காட்டியிருக்கின்றன. யாரையும் கேட்காமல் ஒரே இரவில் செய்தார்கள். அதன் விலையைச் செடியும் நாமும் கொடுத்தோம்.

இப்போது எருக்கலம்பிட்டிக்கு வருவோம். அந்த ஊர் மக்கள் பச்சையையும் கறுப்பையும் இரண்டையும் பார்த்தவர்கள் என்பதால் அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். எருக்கலம்பிட்டியும் காலியானது. படகேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்கள், புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருபது வருடம் காத்திருந்தவர்கள் பலர். அந்தக் கற்பிட்டிக் கரையில்தான் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011 இல் ஓடத் தொடங்கியது. இன்று அது 900 மெகாவாட். காற்று அடிக்கும் காலத்தில் நிலக்கரித் தூளும் சாம்பலும் மிளகாய்த் தோட்டத்திலும் வீட்டுக் கூரையிலும் விழுவதாக அந்தப் பகுதி மக்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். பிறகு குப்பை. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பின் கொழும்புக் குப்பையைப் புத்தளம் அறுவக்காட்டுக்கு அனுப்பினார்கள். 2019 இல் வீதியில் இறங்கிப் போராடியவர்களில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களும் இருந்தன. கொழும்புக்கு மின்சாரம் வேண்டும் என்றால் புகை புத்தளத்துக்கு. கொழும்பு சுத்தமாக வேண்டும் என்றால் குப்பை புத்தளத்துக்கு.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் எதிரே கண்டது காற்றாலை. 2020 டிசம்பரில் தம்பபவனி என்ற பெயரில் மின்சார சபையின் காற்றாலை திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். தீவின் தென்கரையோரம் 30 காற்றாடிகள், நூறு மெகாவாட்டுக்குச் சற்று மேல்.

"காத்துக் கரன்ட் நல்லதுதான் மாஸ்டர். நுரைச்சோலைச் சாம்பலத் திண்டவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாதா? ஆனா எங்க நடுறது எண்டு எங்கள்ட்டக் கேக்க வேணும்" என்றார் அந்த நானா. இதே கருத்தைத்தான் பக்கத்தில் இருந்த மற்றவர்களும் தங்கள் தங்கள் விதத்தில் சொன்னார்கள். ஒருவரும் காற்றாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏன் இடம் முக்கியம்? மன்னார்த் தீவு ஒடுக்கமான மணல் தீவு. மழைவெள்ளம் கடலுக்கு ஓடுவதற்குச் சின்னச் சின்னத் தாழ்வுகள்தான் வழி. காற்றாடிக்குக் கனரக வாகனம் போக மண் கொட்டி மேடாக்கிய பாதைகள் அந்த வழிகளை அடைத்து, முன்பு நிற்காத இடத்தில் வெள்ளம் நிற்கிறது என்பது மக்களின் முறைப்பாடு. தென்கரையில் கரைவலை இழுப்பவர்கள் மீன் கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்கிறார்கள். இது அதனால்தானா என்று நடுநிலையாக ஆராய்ந்து அவர்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் சொன்னதாக அவர்களுக்கு நினைவில்லை. மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்தில் தெற்கே பறக்கும் பறவைகள் இந்தியாவைத் தாண்டி வந்து இறங்கும் இடங்களில் இந்தத் தீவும் வங்காலைக் கரையும் அடங்கும். வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள சர்வதேச ஈரநிலம். பூநாரைகள் நிற்கும் அந்த நீர்ப்பரப்பின் வழியே மின்கம்பி போனால் அந்தி இருட்டில் பறவைக்குக் கம்பி தெரியாது. இலட்சக்கணக்கான பறவைகளின் பாதையில் நிற்கிற காற்றாடியைச் சுற்றாடல் பாதுகாப்பு என்று மட்டும் சொன்னால் பாதிக்கதைதான் சொன்னதாகும். அதே காற்றாடி வேறு இடத்தில் நின்றால் அந்தச் சொல் முழுதாகப் பொருந்தலாம்.

இதன் மேல் அதானி கம்பனியின் திட்டம் வந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட். போட்டிக் கேள்விப்பத்திரம் கோராமல் பேசி முடித்த விலை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம். சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டபோது 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. அதே தீவில் 50 மெகாவாட்டுக்குப் போட்டி முறையில் ஒப்பந்தமான விலை 4.65 சதம். ஏறக்குறைய பாதி! பச்சை மின்சாரம் என்றால் விலை கேட்கக்கூடாது என்று சொன்னவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்கட்டணம் கூடும்போது லயத்து மீட்டருக்கும் கூடுகிறது.

2025 ஓகஸ்டில் புதிய காற்றாடிகளின் பாகங்கள் தீவுக்கு வந்தபோது மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மதகுருமாரும் மீனவரும் இளைஞரும் சேர்ந்து நின்றார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். செப்டெம்பரில் மீண்டும் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் கொண்டுவரப்பட்டு, இரவில் மக்களோடு மோதல் ஏற்பட்டது. மக்களைத் தள்ளிவிட்டு நடப்படும் காற்றாடி நிலக்கரியைவிடப் புகை குறைந்தது என்பது உண்மைதான். தள்ளப்பட்டவருக்கு அது ஆறுதல் ஆகாது.

காற்றாலையோடு சேர்த்து அந்த மக்கள் எதிர்ப்பது இல்மனைட் மணல் அகழ்வை. மன்னார் மணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் டைட்டேனியம் டயொக்சைட்தான் பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது. அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று தீவில் துளையிட்டு ஆய்வு செய்திருக்கிறது. கடல் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிற தீவில் மணலை அள்ளினால் குடிநீர்க் கிணறு உப்பாகும் என்று மக்கள் பயப்படுகிறார்கள். பெயின்ட் டின்னில் இலைப் படமும் "சுற்றாடல் நேயம்" என்ற வரியும் போட்டு விற்பார்கள். வாங்குகிறவருக்கு மன்னார்க் கிணறு தெரியாது. நமது லயத்துக்கு ஓடிட் நாளில் அடிபடும் பெயின்டுக்கும் வெள்ளை அப்படித்தான் எங்கிருந்தோ வருகிறது.

எருக்கலம்பிட்டிப் பெண்கள் பனையோலையில் பாய் பின்னுகிறார்கள், பெட்டி இழைக்கிறார்கள். குருத்தோலையை வெட்டினாலும் பனை சாவதில்லை. பாய் கிழிந்தால் மண்ணுக்குப் போகும். சாயம் மட்டும் கடையில் வாங்கும் தூள், அதைப் பச்சை என்று சொல்ல முடியாது என்று பின்னுகிறவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். கம்பனி எழுதுகிற எந்த லேபலிலும் இப்படி ஒரு நேர்மையை நாம் பார்த்ததில்லை.

மன்னார்க் கதையைத் தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் ஏன் எழுதுகிறீர்கள் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நமது பாட்டன் பூட்டிமார் தலைமன்னாரில் இறங்கி இந்தத் தீவைக் கடந்துதான் மாத்தளைக்கு நடந்தார்கள். 2023 ஜூலை 28 இல் அந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகம் 200 நடைபயணம் போனோம். அது உறவு. அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. பச்சை மின்சாரத்தின் கணக்கை நாமும் கொடுத்தவர்கள். தலவாக்கலையில் 2012 இல் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாட். நிலக்கரி இல்லை, புகை இல்லை. செயின்ட் கிளேயர் அருவி இன்று மணிக்கணக்கு வைத்து விடுகிற தண்ணீரில் ஓடுகிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. ஓடைகளில் சிறு நீர்மின்நிலையம் கட்டும்போதும் லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை யாரும் முதலில் நினைப்பதில்லை. இனிச் சூரியத் தகடும் கார்பன் காடும் தோட்டக் காணிக்கு வரும். ஏழு பேர்ச் காணிக்கு இடமில்லை என்று சொல்கிற கம்பனிக்கு அதற்கு மட்டும் ஏக்கர் கணக்கில் இடம் இருக்கும். அப்போது மன்னார் மக்கள் கேட்கிற அதே கேள்வியை நாம் கேட்க வேண்டி வரும்.

நமக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. ஐரோப்பிய ஆணைக்குழு 2020 இல் 150 பச்சை விளம்பர வாசகங்களை ஆராய்ந்தது. பாதிக்கு மேல் தெளிவற்றவை அல்லது பிழையாக எண்ண வைப்பவை. 40 சதவீதத்துக்கு ஆதாரமே இல்லை. அதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் புதிய சட்டவிதி கொண்டு வந்தது. 2026 செப்டெம்பர் 27 முதல் அங்கே ஆதாரம் காட்டாமல் "சுற்றாடல் நேயம்", "பச்சை" என்று பொதுவாக எழுதி விற்க முடியாது. எங்கோ மரம் நட்டுக் கணக்குக் காட்டி "கார்பன் இல்லாத பொருள்" என்று எழுதவும் முடியாது. இந்த விதி தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றியது அல்ல, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இனிமேல் கம்பனி ஆதாரம் தேடி நமது மலைக்குத்தான் வர வேண்டும். அப்படி வருகிறவரிடம் பேசுவது கணக்குப்பிள்ளை தெரிவு செய்த ஆளா, நமது தலைவியா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

சங்கம் கம்பனிகளிடம் எழுத்தில் கேட்டிருப்பவை இவை. பரிசோதகர் தொழிலாளரைத் தோட்ட ஒபீசுக்கு வெளியே, லயத்திலோ கோயில் மண்டபத்திலோ, துரைமார் இல்லாமல் சந்திக்க வேண்டும். பேட்டி கொடுப்பவர்களில் பாதிப்பேரைச் சங்கம் தெரிவு செய்ய வேண்டும். பரிசோதனை அறிக்கை தமிழில் பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். சான்றிதழால் கூடக் கிடைக்கும் விலையில் எவ்வளவு தொழிலாளர் நலனுக்குப் போனது என்று வருடத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா பெறுவதற்கு எத்தனை வருடம் அலைந்தோம்! அந்தக் காலம் முழுக்கத் தவளை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. காணியில் மின்திட்டமோ கார்பன் காடோ வருவதானால் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் தோட்ட மக்கள் கூட்டம் கூட்டப்பட வேண்டும். மன்னார்ப் பிரச்சினையில் அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் தீவில் ஒரு காற்றாடியும் நடக்கூடாது என்ற தீர்மானம் மாவட்டக் குழுவில் முன்வைக்கப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. மருந்து அடிக்கும் தோழர்கள் ஒவ்வொரு நாளும் எந்த மருந்து, எந்த மலை, எத்தனை டாங்கி, கையுறையும் முகமூடியும் தரப்பட்டதா என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம். இரண்டாவது, மருந்து வந்த காலிக் கேனில் தண்ணீர் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது. கேன்களைத் திருப்பி ஸ்டோருக்குக் கொடுத்து, கொடுத்த எண்ணிக்கைக்குத் துண்டு வாங்குங்கள்.

கொப்பிகளை அடுத்த மாதச் சம்பளத்துக்கு மறுநாள் கிளைத் தலைவியிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஓடிட்டின்போது பரிசோதகரின் கையில் கொடுப்பதற்கு அவை வேண்டும்.